கடைசிப் பாட்டில் ஓர் இடம்

"டீச்சர், அந்த இடத்துல எல்லாரும் ஏன் சும்மா இருக்கீங்க?"

துளசிங்கம் ஏட்டய்யா எங்களோடு டிரம்பெட் ஊத வந்த முதல் ஞாயிறு கேட்ட கேள்வி இதுதான்.

 டோரீன் டீச்சர் கிளாரினெட்டைத் துணியால் துடைத்தார். பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"அடுத்த ஞாயிறு பார்க்கலாம்" என்றார்.

பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் பெட்டியை மூடினால் யாருக்குத்தான் கோபம் வராது? எனக்கே வந்தது. ஏட்டய்யாவுக்கு மீசை துடித்தது.

நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் புரியாது.

ஜோலார்பேட்டை ரயில்வே காலனியில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு பழைய ஹால். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு அங்கே கூடுவோம். டோரீன் டீச்சர் கிளாரினெட். மற்ற நாளில் இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு. சகாயம் டிராம்போன். மெர்வின் பாஞ்சோ. நான் பஷீர், டிரம்ஸ். மற்ற நாளில் கார்டுக்கும் டி.டி.ஆருக்கும் கோட்டு தைக்கிற டெய்லர்.

நாங்கள் வாசிப்பது டிக்ஸிலேண்ட். அமெரிக்காவில் ஏதோ ஆற்றங்கரை ஊரில் பிறந்த பழைய ஜாஸ். காலனியில் வீட்டுக்கு வீடு ரெக்கார்டு வைத்திருந்த காலத்தில் எங்கள் காதில் விழுந்தது. விழுந்தது விழுந்ததுதான், வெளியே போகவில்லை.

அதில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஊதுவார்கள். டிரம்பெட் பாட்டைச் சொல்லும். கிளாரினெட் அதன் தலைக்கு மேலே ஏறி வம்பளக்கும். டிராம்போன் அடியில் உறுமும். ஆளாளுக்கு ஒன்றை ஊதினாலும் ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிக்க மாட்டார்கள். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். முப்பது வருஷமாக அடிக்கிறேன், எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

டிரம்பெட் ஆள் இல்லாமல் மூன்று வருஷம் ஓட்டினோம். மாப்பிள்ளை இல்லாத கல்யாணம்.

அப்போதுதான் ஏட்டய்யா வந்தார்.

போலீஸ் பேண்டில் முப்பத்திரண்டு வருஷம் டிரம்பெட். ரிட்டயர் ஆகி மகள் வீட்டோடு வந்திருந்தார். சைக்கிளில் போகும்போது எங்கள் சத்தம் கேட்டிருக்கிறது. சைக்கிளை நிறுத்தி இறங்கினார். ஹால் வாசலில் நான்கு நாய்கள் குறுக்கே படுத்திருந்தன. சாவிக்கொத்தில் தொங்கிய பழைய டியூட்டி விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். நாய்கள் தலைதெறிக்க ஓடின.

"உள்ள வரலாமா?" என்றார்.

விசில் சத்தத்தில் நானும் ஸ்டூலை விட்டு எழுந்திருந்தேன்.

மறு வாரம் டிரம்பெட்டோடு வந்தார். ஸ்வரம் எழுதின தாள் வேண்டும் என்றார். தாள் கிடையாது என்றோம். காதில் வாங்கியே பிடித்துக்கொண்டார், கெட்டிக்காரர். நான்கு பாட்டு நன்றாகப் போனது. கடைசிப் பாட்டில்தான் வம்பு.

எங்கள் கடைசிப் பாட்டில் ஓர் இடம் உண்டு. இரண்டாம் சுற்றில், நன்றாகச் சூடு பிடித்து ஓடும்போது, எல்லாரும் நிறுத்திவிடுவோம். ஒரு சத்தமும் இருக்காது. பிறகு எல்லாரும் சேர்ந்து எடுப்போம்.

போலீஸ்காரருக்கு அது பொறுக்குமா? பரேடில் சத்தம் நின்றால் யாரோ தப்பு செய்துவிட்டான் என்று அர்த்தம். ஏட்டய்யா அந்த இடத்தில் தனியாக ஊதினார். சும்மா சொல்லக் கூடாது, என்ன அழகாக ஊதினார்! சகாயம் "அடேங்கப்பா" என்று வாயைப் பிளந்தான்.

டீச்சர் பெட்டியை மூடிவிட்டார்.

இரண்டாம் ஞாயிறு.

ஏட்டய்யா அந்த இடத்தில் ஊதவில்லை. ஆனால் பூட்ஸ் காலால் தரையில் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. எட்டு வந்ததும் ஓங்கி எடுத்தார்.

அவர் மட்டும்தான் எடுத்தார். நாங்கள் எல்லாரும் இன்னும் சும்மா இருந்தோம்.

டீச்சர் மறுபடியும் பெட்டியை மூடினார்.

"எட்டு எண்ணினேன் டீச்சர். எட்டுதானே?"

"எட்டு இல்ல."

"பதினாறா?"

"எண்ணாதீங்க ஏட்டய்யா."

"எண்ணாம எப்ப எடுக்கிறதுன்னு எப்படித் தெரியும்?"

டீச்சர் என்னைக் காட்டினார். "பாயைக் கேளுங்க."

என்னை எதற்கு இழுக்க வேண்டும்? ஏட்டய்யா என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. டீச்சர் மூச்சை இழுப்பாங்க. நான் அடிப்பேன்."

ஏட்டய்யா எழுந்திருக்கவில்லை. டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு மேல் உதட்டை விரலால் தூக்கி முன்பல் இரண்டையும் ஆட்டிக் காட்டினார். இரண்டும் ஆடின.

"எனக்கு நாள் இல்ல டீச்சர். ஜனவரியில ரெண்டையும் எடுத்துடணும்னு பல் டாக்டர் சொல்லிட்டாரு. எடுத்துட்டா டிரம்பெட் அவ்வளவுதான். கட்டுப்பல்லு அந்த அழுத்தம் தாங்காதாம்."

சகாயம் டிராம்போனைக் கீழே வைத்தான்.

"முப்பத்திரண்டு வருஷம் தாளைப் பார்த்தே ஊதினவன் நான். பெரிய மனுஷன் வந்தா ஒரு தாள், செத்தா ஒரு தாள். என் இஷ்டத்துக்கு ஒரு மூச்சு ஊதினதில்ல. உங்க டிசம்பர் டான்ஸுல ஒரே ஒரு தடவை உங்களோட சேர்ந்து ஊதிட்டேன்னா போதும். அப்புறம் பல்லு போனா போகட்டும்."

டிசம்பர் இருபத்தாறாம் தேதி ஹாலில் டான்ஸ் நடக்கும். ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்கும், லண்டனுக்கும் குடியேறிப் போன காலனிக்காரர்கள் அந்த வாரம்தான் ஊருக்கு வருவார்கள். எங்கள் ஐந்து பாட்டையும் கேட்காமல் போக மாட்டார்கள்.

எனக்கு மனசு கரைந்துவிட்டது. அவரை இன்னொரு தரம் ஊதச் சொல்லுங்களேன் என்று டீச்சரைப் பார்த்தேன்.

"அடுத்த ஞாயிறு டிரம்பெட் வேண்டாம் ஏட்டய்யா" என்றார் டீச்சர். "வெறுங்கையோட வாங்க."

இதுவும் ஒரு பதிலா, சொல்லுங்கள்?

மூன்றாம் ஞாயிறு வெறுங்கையோடு வந்தார். அதுவே எனக்கு ஆச்சரியம்.

டீச்சர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். ஹாலிலிருந்து கூப்பிடு தூரத்தில் தண்டவாளத்தைக் கடக்கிற நடைபாலம் இருக்கிறது.

"அது மேல போய் நில்லுங்க."

"எவ்வளவு நேரம்?"

"நாங்க முடிக்கிற வரைக்கும்."

ஏட்டய்யா என் காதருகே குனிந்தார். "என்ன பாய் இது, பனிஷ்மென்ட் டிரில் மாதிரி இருக்கு. எனக்கு அறுபத்தோரு வயசு. அந்தம்மாவுக்கு நாற்பத்தி அஞ்சு இருக்குமா?"

"நாற்பத்தி ஏழு."

"அப்படின்னா சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்து பாட்டும் வாசித்தோம். அவர் பாலத்தின் மேல் அட்டென்ஷனில் நிற்பது ஜன்னலில் தெரிந்தது. முடித்ததும் படியேறிய மூச்சோடு திரும்பி வந்தார்.

"கேட்டுச்சா?" என்றார் டீச்சர்.

"எல்லாம் கேட்டுச்சு."

"அந்த இடம்?"

ஏட்டய்யா ஜன்னல் வழியாகப் பாலத்தைப் பார்த்தார்.

"உள்ள இருக்கும்போது அது சும்மா இருக்கிற மாதிரிதான் இருந்துச்சு. அங்க நின்னு கேட்டா வேற மாதிரி இருக்கு டீச்சர். யாரோ என்னையப் பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டுக் காத்திருக்கிற மாதிரி."

"பதில் சொன்னீங்களா?"

"எதை வெச்சுச் சொல்றது? டிரம்பெட் வேண்டாம்னுட்டீங்களே."

டீச்சர் முதல் தடவையாகச் சிரித்தார்.

"அடுத்த வாரம் எடுத்துட்டு வாங்க" என்றார்.

அன்றைக்கு ஏட்டய்யா என்னை விடவில்லை. ரயில்வே கேட்டடி டீக்கடையில் உட்கார வைத்துவிட்டார். போலீஸ்காரர் விசாரணை.

"சொல்லுங்க பாய். அந்த இடம் யாருது?"

நான் சொல்லக் கூடாதுதான். டீச்சர் யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டால் என் வாய் என் பேச்சைக் கேட்காது.

"நெவில் டிரைவரோடது. டீச்சரோட அப்பா."

"டிரம்பெட்டா?"

"எங்களுக்கெல்லாம் டிரம்பெட் அவர்தான். ஆனா எஞ்சின் டிரைவரா இருந்தா எல்லா ஞாயிறும் வீட்டுல இருக்க முடியுமா? டியூட்டி ஞாயிறு சாயங்கால மெயிலை ஓட்டிட்டு ஹால் வழியாவே போவாரு. இந்த கேட்டுல எப்படியும் விசில் அடிச்சே ஆகணும். அப்ப நீராவி எஞ்சின். கயித்தை இழுக்கிற பக்குவத்துல விசிலையே வளைப்பாரு மனுஷன். ரெண்டு நீளம், ஒரு குட்டை. கடைசிப் பாட்டுல அவர் ஊத வேண்டியதை அங்கிருந்து ஊதிட்டுப் போவாரு. நாங்க அதுக்குத்தான் நிறுத்துவோம்."

ஏட்டய்யா டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"நேரம் எப்படிப் பொருந்தும்?"

"எங்க பொருந்தும்? மெர்வின் ஜன்னல்ல சிக்னல் கைகாட்டி இறங்குதான்னு பார்த்துச் சொல்லுவான். பாட்டை எடுப்போம். ஆனா மெயில் என்னிக்கு நேரத்துக்கு வந்துச்சு? ஒரு தடவை ஊருக்கு வெளிய அவுட்டர் சிக்னல்லயே பதினோரு நிமிஷம் நிறுத்திட்டாங்க. பாட்டு பாதியில நிக்குது. மெர்வின் பாஞ்சோவை மடியில வெச்சுட்டு ஒரு முட்டை பஃப் முழுசாத் தின்னு முடிச்சான். டீச்சருக்கு அப்ப இருபது வயசு. அவங்க மட்டும் கிளாரினெட்டை வாய்கிட்டயே வெச்சிருந்தாங்க. இறக்கவே இல்ல."

"வந்தாரா?"

"வந்தாரு. ஊதினாரு. டீச்சர் ஜன்னலைப் பார்த்து 'லேட்டு'ன்னாங்க. எத்தனை நிமிஷம் ஆனாலும் அவ்வளவுதான் சொல்லுவாங்க. உடனே மூச்சை இழுப்பாங்க, பாட்டு ஓடும்."

"அப்புறம்?"

அப்புறம் என்று கேட்கிறவர்களுக்கு என்ன, சொல்கிறவனுக்கல்லவா கஷ்டம்.

"அப்புறம் கரண்டு எஞ்சின் வந்துச்சு. அதுல விசில் இல்ல, ஹாரன். பாம்முனு ஒரே சத்தம், வளைக்க முடியாது. முதல் ஞாயிறு அதுலயும் ஊதிப் பார்த்தாரு. எருமை கத்தின மாதிரி இருந்துச்சு. நாங்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சுட்டோம். மறு வாரம் ஹால்ல பார்த்தப்ப யாரோ கிண்டலும் பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம் டியூட்டி ஞாயிறு எங்களுக்கு ஊதறதையே விட்டுட்டாரு. கேட்டுக்குன்னு ஒரு ஹாரன் அடிச்சுட்டுப் போயிடுவாரு."

"கிண்டல் பண்ணினது யாரு?"

"நான்தான்."

இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. 

"அவர் தவறிப்போய் மூணு வருஷம் ஆச்சு. அந்த இடத்தை மட்டும் டீச்சர் மூட விடல."

 ஏட்டய்யாவின் டீயில் ஆடை படர்ந்துவிட்டது.

"ஒண்ணு கேக்கணும் பாய். டியூட்டி இல்லாத ஞாயிறு அவரு ஹால்லயே இருப்பாரில்ல? அப்ப அந்த இடத்துல யாரு ஊதுவா?"

"யாரும் ஊத மாட்டாங்க. அன்னிக்கு நிறுத்தவே மாட்டோம். நேரா ஓடிடுவோம். அவருதான் உள்ளயே இருக்காரே."

ஏட்டய்யா ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்துபோனார்.

டிசம்பர் இருபத்தாறு.

ஹால் நிறைந்திருந்தது. பெர்த்திலிருந்து, லண்டனிலிருந்து, பெங்களூரிலிருந்து. வயசானவர்கள் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டு அழுவதும் சிரிப்பதுமாக இருந்தார்கள். நான் தைத்துக் கொடுத்த கோட்டு ஒன்றை முப்பது வருஷம் கழித்து ஒருவர் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பொத்தான் மட்டும் போடவில்லை, வயிறு இடம் தரவில்லை.

ஏட்டய்யா தாளில்லாமல் ஊதினார். ஊதினார் என்றால் அப்படி ஊதினார். நாலாம் பாட்டில் அவர் எங்கே போகிறார் என்று எங்களுக்கே தெரியவில்லை. டீச்சரின் கிளாரினெட் பின்னாலேயே ஓடிப் பிடித்தது. 

கடைசிப் பாட்டு. அந்த இடம் வந்தது.

எல்லாரும் நிறுத்தினோம். ஏட்டய்யா டிரம்பெட்டை மடியில் இறக்கினார். கால் தட்டவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்வரிசையில் பெர்த்திலிருந்து வந்த ஒரு கிழவி சத்தமாகக் கேட்டாள்.

"என்ன, நெவில் இன்னிக்கும் லேட்டா?"

ஹாலில் ஒரு சிரிப்பு கிளம்பிப் பாதியிலேயே நின்றது.

டீச்சர் மூச்சை இழுத்தார். நான் அடித்தேன். ஏட்டய்யா எங்களோடு சேர்ந்தே எடுத்தார், ஒரு மயிரிழை முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

முடிந்ததும் டிரம்பெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"போதும் பாய்" என்றார். "எனக்கு இது போதும்."

போதுமாம்! பதினைந்து நாள்கூட ஆகவில்லை.

ஜனவரி இரண்டாம் வாரம் பல்லை எடுத்தார்கள். அந்த ஞாயிறு அவர் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு மத்தியானம் நான் நடைபாலம் ஏறி, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற அவர் மகள் வீட்டுக்குப் போனேன்.

வாயைத் துண்டால் மூடிக்கொண்டே பேசினார். மூன்று வாரத்தில் ஆறு வயசு கூடின மாதிரி இருந்தார்.

"இந்தப் பொட்டியை நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க பாய். இதைப் பார்த்துக்கிட்டு வீட்டுல இருக்க முடியல."

"நீங்களும் வாங்க ஏட்டய்யா. சும்மா வந்து உட்காருங்க."

"வந்து? ஓரமா உட்கார்ந்து கைதட்டறதா? போதும்னு சொன்னேன் பாருங்க, என்னையச் செருப்பால அடிக்கணும். போதவே இல்ல பாய்."

சொல்லிவிட்டு அழுதார். மீசையும் துண்டும் நனைந்தன. முப்பத்திரண்டு வருஷம் போலீசில் இருந்த மனுஷன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். அவர் நாற்காலியின் மேல் வைத்தேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"டீச்சர், அவர் அங்க குலுங்கிக் குலுங்கி அழறாரு. நீங்க ஒரு வார்த்தை போய்க் கூப்பிட்டா வந்துடுவாரு. உங்களுக்கு மனசே இல்லையா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை. எப்போது சொல்லியிருக்கிறார்?

எழுந்து தண்டவாளத்துப் பக்கத்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். மொத்தம் ஆறு. கடைசி ஜன்னலின் கொக்கி துருப்பிடித்திருந்தது. உள்ளங்கையால் இரண்டு குத்து குத்தித் திறந்தார். தை மாசக் குளிர்காற்று உள்ளே வந்தது. சகாயம் தும்மினான்.

"கடைசிப் பாட்டு" என்றார்.

முதல் பாட்டே இன்னும் வாசிக்கவில்லை. ஆனாலும் எடுத்தோம்.

டிரம்பெட் இல்லை. பாட்டைச் சொல்ல ஆள் இல்லாமல் கிளாரினெட்டும் டிராம்போனும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தன. இரண்டாம் சுற்று. அந்த இடம் வந்தது.

நிறுத்தினோம்.

டீச்சர் மூச்சை இழுப்பார் என்று குச்சியைத் தூக்கிக் காத்திருந்தேன்.

இழுக்கவில்லை.

ஒரு கூட்ஸ் வண்டி போனது. ஐம்பது பெட்டியாவது இருக்கும். முழுதும் போய் முடிந்தது. சகாயம் டிராம்போனைத் தரையில் ஊன்றினான். மெர்வின் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். என் கை வலித்தது. யாருக்காக இந்தக் கூத்து என்று எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

டீச்சர் கிளாரினெட்டை வாய்கிட்டயே வைத்திருந்தார். இறக்கவில்லை. இருபது வயசில் உட்கார்ந்திருந்த அதே மாதிரி.

கேட்டைத் திறந்தார்கள். லாரிகள் போயின. மறுபடி அமைதியானது.

நடைபாலத்திலிருந்து ஒரு விசில் கேட்டது.

போலீஸ் விசில். கொஞ்சம் காற்றொழுகி, கொஞ்சம் நடுங்கி.

இரண்டு நீளம். ஒரு குட்டை.

வாசலில் படுத்திருந்த நாய்கள் நான்கும் எழுந்து ஓடின.

டீச்சர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"லேட்டு" என்றார்.

மூச்சை இழுத்தார்.